வாக்குத்தத்த வசனத்தை முழு அதிகாரத்தோடு வாசித்தல்

தமிழ்நாட்டுச் சபைகள் பலவற்றில் டிசம்பர் 31 இரவு ஆராதனையின் முடிவில் வாக்குத்தத்த அட்டை கைக்கு வரும். சில சபைகளில் எல்லாருக்கும் ஆண்டு முழுமைக்கும் ஒரே வசனம். சிலவற்றில் தட்டிலிருந்து ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்வார்கள். பிறகு அந்த அட்டை வேதாகமத்தின் நடுவிலோ, பீரோ கண்ணாடியிலோ, ஆட்டோவின் முன்பக்கத்திலோ இருக்கும். ஆண்டின் நடுவே வேலை போனாலும், ஸ்கேன் அறிக்கையில் மருத்துவர் ஒரு வரியைச் சுட்டிக்காட்டினாலும், முதலில் நினைவுக்கு வருவது அந்த வசனம்தான்.

பழக்கம் புதிதல்ல. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் மொராவிய சபையார் 1728-இல் நாளுக்கொரு வசனம் என்று தொடங்கி, 1731 முதல் அதை ஆண்டுதோறும் நூலாக அச்சிட்டு வருகிறார்கள். சிறு வசனம் மனதில் தங்கும். நெருக்கடியில் பக்கம் பக்கமாக வாசிக்க எவருக்கும் தெம்பு இருக்காது. ஆகவே அட்டையைக் குறை சொல்வதற்கில்லை. வசனம் தன் அதிகாரத்தைப் பிரிந்து தனியே வந்துவிடுவதுதான் சிக்கல். வேதாகமத்தை எழுதியவர்கள் எண் போட்டு எழுதவில்லை. இன்றைய அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டில் ஸ்டீபன் லாங்டன் செய்தது. புதிய ஏற்பாட்டின் வசன எண்களை 1551-இல் சேர்த்தவர் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகத்தார். பவுல் எழுதியவை கடிதங்கள்; சபை கூடியிருக்கும்போது முழுவதும் வாசிக்கப்பட வேண்டியவை. ஒரு கடிதத்தின் நடுவிலிருந்து ஒரு வரியை மட்டும் உருவி எடுத்தால் அது எதற்குப் பதிலாகச் சொல்லப்பட்டது என்பது தெரியாமல் போகும்.

ஆகவே அட்டை கைக்கு வந்த வாரத்திலேயே அதிலுள்ள வசனத்தின் முழு அதிகாரத்தையும், முடிந்தால் முந்தைய அதிகாரத்தையும் வாசித்துவிடுவது நல்லது. பேசுகிறவர் யார், யாரிடம் பேசுகிறார், கேட்கிறவர்கள் அப்போது என்ன நெருக்கடியில் இருந்தார்கள் என்று பார்த்தால் போதும். அரைமணி நேர வேலை. துன்பம் வந்தபின் செய்வதைவிட வருவதற்கு முன் செய்வது எளிது.

எரேமியா 29:11

வீட்டுச் சுவர்களில் அதிகம் தொங்கும் வசனங்களில் இதுவும் ஒன்று. தேவன் தம் மக்களைக் குறித்து வைத்திருக்கும் எண்ணம் தீங்குக்கானது அல்ல, நன்மைக்கானது, எதிர்காலத்துக்கு நம்பிக்கை உண்டு என்பது அதன் சாரம். தேர்வு எழுதப்போகும் மாணவருக்கும், விசா நேர்காணலுக்குப் போகிறவருக்கும், வரன் அமையாமல் ஆண்டுகள் ஓடும் வீட்டுக்கும் இதுதான் சொல்லப்படுகிறது.

29ஆம் அதிகாரம் ஒரு கடிதம். கி.மு. 597-இல் பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பணியவைத்து, அரசனையும் பிரபுக்களையும் கைவினைஞர்களையும் சிறைப்பிடித்துக் கொண்டுபோனான். நகரமும் ஆலயமும் அப்போது இடிபடவில்லை. அதனால் போனவர்களும் ஊரில் தங்கியவர்களும் இது கொஞ்சகாலத்துக்குத்தான் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்குத் தீனி போட ஆட்களும் இருந்தார்கள். 28ஆம் அதிகாரத்தில் அனனியா என்பவர் ஆலயத்திலேயே, ஆசாரியர்கள் முன்பாக, இரண்டு ஆண்டுக்குள் எல்லாம் திரும்பிவிடும் என்று கர்த்தரின் பெயரால் அறிவிக்கிறார். எரேமியா முதலில் ஆமென் சொல்கிறார்; அப்படி நடந்தால் அவருக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் நடக்காது என்று அவருக்குத் தெரியும்.

அடுத்து அவர் சிறையிருப்பிலுள்ளவர்களுக்கு எழுதுகிறார். வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் பலனைச் சாப்பிடுங்கள், மகன்களுக்கும் மகள்களுக்கும் திருமணம் செய்துவையுங்கள், உங்களைக் கொண்டுபோன அந்த நகரத்தின் நலனுக்காகவே ஜெபம் செய்யுங்கள் என்கிறார். 10ஆம் வசனத்தில் 70 ஆண்டு என்ற கணக்கு வருகிறது. அதற்கு அடுத்த வரிதான் அட்டையில் அச்சாகும் வரி. கடிதத்தைக் காதால் கேட்ட முப்பது வயதுக்காரருக்கு ஊர் திரும்பும் வாய்ப்பு அநேகமாக இல்லை. அவருடைய பேரப்பிள்ளைகளுக்கு உண்டு. கேட்டவர்கள் எல்லாரும் இதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. செமாயா என்பவர் எருசலேமிலிருந்த ஆசாரியருக்குப் பதில் கடிதம் எழுதி, இப்படிப் பேசுகிற எரேமியாவைத் தொழுவில் மாட்டாமல் ஏன் விட்டுவைத்திருக்கிறீர்கள் என்று கேட்டதும் அதே அதிகாரத்தில்தான் இருக்கிறது.

இதையெல்லாம் வாசித்த பின்பும் வசனம் வாக்குத்தத்தமாகவே நிற்கிறது. எதற்கான வாக்குத்தத்தம் என்பது மட்டும் தெளிவாகிறது. வளைகுடா வேலையை இழந்து, ஏஜெண்டுக்குக் கட்டிய கடனோடு ஊர் திரும்பியவரை எடுத்துக்கொள்ளலாம். வசனத்தைத் தனியே பிடித்துக்கொண்டால், அடுத்த மாதமே வேறொரு விசா வந்துவிடும் என்று மொபைலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கத் தோன்றும். கடிதத்தை முழுவதும் வாசித்தவருக்கு, இருக்கிற இடத்தில் தோட்டம் போடு என்ற கட்டளையும் சேர்ந்தே காதில் விழும். பிள்ளைகளை உள்ளூர்ப் பள்ளியில் சேர்ப்பது, கிடைத்த வேலையைப் பழைய சம்பளத்தோடு ஒப்பிடாமல் ஏற்பது, தெருவில் இருப்பவர்களின் நல்லது கெட்டதில் கலந்துகொள்வது எல்லாம் அந்தக் கட்டளைக்குள் வரும். மூன்று மாதத்தில் கதவு திறக்கும் என்று தேதி குறித்துச் சொல்லும் ஊழியக்காரர் எரேமியா 29:11-ஐ மேற்கோள் காட்டினாலும், அவர் நிற்பது 28ஆம் அதிகாரத்தில் அனனியாவின் பக்கத்தில்தான்.

யோபின் நண்பர்கள் சொன்னவை

தொடக்கம் சிறிதாக இருந்தாலும் முடிவு மிகப் பெரிதாகும் என்ற பொருளுள்ள யோபு 8:7, கடைத் திறப்பு விழா அழைப்பிதழ்களில் அடிக்கடி காணப்படும். அதைச் சொன்னவர் யோபு அல்ல, தேவனும் அல்ல, பில்தாத். அவர் யாரிடம் சொல்கிறார் என்பது இன்னும் முக்கியம். யோபின் ஏழு மகன்களும் மூன்று மகள்களும் வீடு இடிந்து இறந்துபோயிருக்கிறார்கள். மூன்று வசனங்களுக்கு முன்புதான் பில்தாத், அந்தப் பிள்ளைகள் பாவம் செய்ததால் அதன் பலனை அனுபவித்தார்கள் என்று தகப்பனிடமே சொல்கிறார். பிறகு, நீ சுத்தமும் நேர்மையும் உள்ளவனாக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். 7ஆம் வசனம் அந்த நிபந்தனையின் தொடர்ச்சி. நினைத்த காரியம் நிலைபெறும் என்ற பொருளில் மேற்கோள் காட்டப்படும் 22:28-ஐச் சொன்னவர் எலிப்பாஸ். அதே அதிகாரத்தின் தொடக்கத்தில் அவர் யோபுமேல், விதவைகளை வெறுங்கையாய் அனுப்பியவன் என்பதுபோன்ற பழிகளை அடுக்குகிறார்.

கடைசி அதிகாரத்தில் தேவன் எலிப்பாஸிடம், நீயும் உன் இரண்டு நண்பர்களும் என்னைப் பற்றி யோபு பேசியதுபோல் சரியாகப் பேசவில்லை என்று கோபப்படுகிறார். அதற்காக நண்பர்களின் ஒவ்வொரு வாக்கியமும் பொய் என்று தள்ளிவிட முடியாது. பவுலே 1 கொரிந்தியர் 3:19-இல் எலிப்பாஸின் ஒரு வரியை வேதவாக்காக எடுத்தாள்கிறார். அவர்கள் சொன்னவற்றில் பல பொதுவாக உண்மையே. ஒரு குறிப்பிட்ட மனிதனின் குறிப்பிட்ட துயரத்துக்கு அந்தப் பொது உண்மையை விளக்கமாகப் பொருத்தியதுதான் அவர்கள் செய்த தவறு. நீதிமொழிகள் புத்தகத்தைத் துன்பத்தில் இருப்பவரிடம் கையாளும்போதும் இதே கவனம் தேவை. உழைக்கிறவன் உயர்வான் என்பது பொதுவில் சரி. ஆலை மூடியதால் வேலை இழந்தவரிடம் அதைச் சொன்னால், அவர் உழைக்கவில்லை என்று சொன்னதாகிவிடும்.

துன்பத்துக்குக் காரணமான பாவத்தைத் தேடும் பழக்கத்தை இயேசு இரண்டு இடங்களில் நேராகவே தடுக்கிறார். யோவான் 9-இல் பிறவிக் குருடனைப் பார்த்து, இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று கேட்கும் சீடர்களிடம் இரண்டுமில்லை என்கிறார். லூக்கா 13-இல் சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததைச் சொல்லி, எருசலேமில் இருந்த மற்றவர்களைவிட அவர்கள் கெட்டவர்களா என்று கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொல்கிறார். வீட்டில் ஏதோ சாபம் இருக்கிறது, பாட்டன் செய்த வினை தொடர்கிறது என்று பேசுகிறவர்களுக்குக் காட்ட இந்த இரண்டு பகுதிகள் போதும்.

சங்கீதம் 91-ஐயும் பிலிப்பியர் 4:13-ஐயும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சங்கீதம் 91 பாதுகாப்புக்கான ஜெபமாகத் தலைமுறைகளாக ஓதப்படுகிறது. கொரோனா காலத்தில் வாட்ஸ்அப்பில் அது வராத கிறிஸ்தவக் குடும்பம் குறைவு. இயேசுவை ஆலயத்தின் உச்சியிலிருந்து குதிக்கச் சொன்ன பிசாசு மேற்கோள் காட்டியதும் அதே சங்கீதத்தைத்தான். தேவனைச் சோதிக்கக் கூடாது என்ற உபாகமக் கட்டளையை இயேசு பதிலாக வைத்தார். அந்தச் சங்கீதத்தை ஜெபித்துவிட்டுத் தடுப்பூசியும் போட்டுக்கொள்வதில் முரண்பாடு ஏதும் இல்லை. பிலிப்பியர் 4:13 வெற்றிக்கான வசனமாக விளையாட்டு வீரர்களின் சட்டையில்கூட வருகிறது. கைதியாக இருந்த பவுல் அதை எழுதியது, பட்டினி கிடக்கவும் நிறைவாக இருக்கவும் தான் கற்றுக்கொண்டதைப் பற்றி. அடுத்த வரிகளில் எப்பாப்பிரோதீத்து கொண்டுவந்த பண உதவிக்கு நன்றி சொல்கிறார். எதையும் தாங்கும் பெலன் உண்டு என்று சொன்னவரே பிறர் உதவியையும் வாங்கிக்கொண்டார். உதவி கேட்பதை விசுவாசக் குறைவாக எண்ணிக் கூச்சப்படுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

முறையிட்டு ஜெபித்தல்

சங்கீதங்கள் 150-இல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முறையீடு. கத்தோலிக்கர்கள் திருப்பாடல்கள் என்று சொல்லும் அதே நூல்தான். ஆனால் ஞாயிறு ஆராதனையில் துதிப் பாடல்கள் வரும் அளவுக்கு முறையீட்டுச் சங்கீதங்கள் வருவதில்லை. சாட்சி நேரத்திலும் முடிந்துபோன கதைகளுக்குத்தான் இடம்: நோய் வந்தது, ஜெபித்தோம், சுகமானது. நோய் இன்னும் நடுவில் இருப்பவர் எழுந்து பேச வழியில்லை. இதனால், தேவனிடம் குறை சொல்வதே பாவம் என்ற எண்ணம் பலரிடம் ஊறிப்போயிருக்கிறது.

முறையிடக் கற்க சங்கீதம் 13 ஏற்றது, ஆறே வசனங்கள். முதல் இரண்டு வசனங்களில், இன்னும் எவ்வளவு காலம் என்ற கேள்வி நான்கு தடவை வருகிறது. முதல் கேள்விகள் தேவனை நோக்கியவை: மறந்துவிட்டீரா, முகத்தை மறைத்துக்கொண்டீரா? அடுத்தது மனதுக்குள் நடக்கும் போராட்டம். கடைசியாகத்தான் பகைவன் வருகிறான். 3, 4 வசனங்களில் விண்ணப்பம். 5, 6-இல் நம்பிக்கை. இந்த வரிசையைப் பின்பற்றி ஒரு நோட்டில் சொந்தமாக எழுதிப் பார்க்கலாம். எது எவ்வளவு நாளாக நீடிக்கிறது என்பதைப் பூசி மெழுகாமல் முதலில் எழுத வேண்டும்; "சில கஷ்டங்கள்" என்று எழுதாமல் வீட்டு வாடகை, மகனின் குடி, கேட்கப்படாத ஜெபம் என்று பெயர் சொல்லி எழுதுவது. பிறகு, என்ன வேண்டும் என்ற விண்ணப்பம். நம்பிக்கை வரி அன்றைக்கு வரவில்லையென்றால் இடத்தைக் காலியாக விட்டுவிடலாம்.

அப்படி விட அனுமதி உண்டா என்று கேட்பவர்களுக்குச் சங்கீதம் 88 இருக்கிறது. ஏமான் என்பவர் பெயரால் வழங்கும் அந்த 18 வசனங்களில் இரவும் பகலும் கூப்பிடுதல் இருக்கிறது, பதில் இல்லை. நண்பர்கள் விலகிப்போனதையும் இருளையும் சொல்லி அப்படியே நின்றுவிடுகிறது. இதைத் தொகுத்தவர்கள் நீக்கவும் இல்லை, கடைசியில் ஒரு துதியை ஒட்டவைக்கவும் இல்லை. பதில் கிடைக்காவிட்டாலும் ஜெபம் ஜெபம்தான் என்பதற்கு வேதாகமத்திலேயே உள்ள ஆதாரம் இது. புலம்பல் புத்தகத்துக்கும் இது பொருந்தும். காலைதோறும் புதிதாகும் இரக்கத்தைப் பற்றிய அதன் புகழ்பெற்ற வரிகள் 3ஆம் அதிகாரத்தில், நூலின் நடுவில் வருகின்றன. அவற்றுக்குப் பிறகு இரண்டு அதிகாரங்கள் மறுபடியும் பஞ்சத்தையும் அழிவையும் சொல்கின்றன. நம்பிக்கை வந்த மறுநாளே அழுகை திரும்பினால் விசுவாசம் தோற்றுவிட்டது என்று முடிவுகட்டத் தேவையில்லை.

பகைவர்மேல் சாபம் கேட்கும் 109, 137 போன்றவற்றை எப்படிக் கையாள்வது என்ற குழப்பம் எப்போதும் உண்டு. கோபத்தைத் தேவனிடம் சொல்லிவிட்டு, பழிவாங்குவதை அவர் கையில் விடுவதுதான் அவற்றின் பயன். சொத்துத் தகராறில் எதிராளியின் பெயரைப் போட்டு வாசிப்பதற்கு அவை மந்திரங்கள் அல்ல.

நோய், கடன், துக்க வீடு

நோயில் விசுவாசமும் மருத்துவமும் மோதவேண்டியதில்லை. எசேக்கியா அரசனுக்கு இன்னும் 15 ஆண்டு ஆயுள் என்று ஏசாயா வாக்குக் கொடுத்த அதே அதிகாரத்தில், பிளவையின்மேல் அத்திப்பழப் பற்றுப் போடச் சொல்கிறார். பவுல் தன் உடலிலிருந்த முள் நீங்க மூன்று தடவை வேண்டினார். நீங்கவில்லை, அதைச் சுமக்கக் கிருபை போதும் என்ற பதில்தான் வந்தது. அடிக்கடி பலவீனப்பட்ட தீமோத்தேயுவுக்கு வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். துரோப்பீமை மிலேத்துவில் நோயாளியாகவே விட்டுவந்தார். ஆகவே, சுகமாகாதவரைப் பார்த்து உன் விசுவாசம் போதவில்லை என்று சொல்ல யாருக்கும் வேத ஆதாரம் இல்லை. சர்க்கரை மாத்திரையையும் இரத்த அழுத்த மாத்திரையையும் உபவாச நாளில் தாமாக நிறுத்திவிடுகிறவர்கள் முதலில் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

மனச்சோர்வுக்கு 1 இராஜாக்கள் 19 உதவும். கர்மேலில் வென்ற எலியா உயிருக்குப் பயந்து ஓடி, சூரைச்செடியின்கீழ் படுத்துச் சாக விரும்புகிறார். அவருக்குக் கிடைத்த முதல் உதவி பிரசங்கம் அல்ல. தூக்கம், சூடான அடை, தண்ணீர். மறுபடியும் தூக்கம், மறுபடியும் சாப்பாடு. தேவன் பேசுவது அதற்கு வெகுநாள் கழித்து. பிறகு துணைக்கு எலிசாவும் வருகிறார். சாக வேண்டும் என்று சபையில் ஒருவர் சொன்னால் அவரைத் தனியே விடாமல், மருத்துவ உதவிக்கும் ஏற்பாடு செய்ய வேண்டும். இந்தியாவில் டெலி மானஸ் எண் 14416 நாள் முழுவதும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம்.

கடனைப் பற்றி வேதாகமம் வெளிப்படையாகவே பேசுகிறது. 2 இராஜாக்கள் 4-இல் கடன்காரன் பிள்ளைகளைப் பிடிக்க வரும் விதவைக்கு எலிசா சொல்லும் வழி: வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது, அக்கம்பக்கத்தாரிடம் பாத்திரம் கேட்பது, கிடைத்ததை விற்று முதலில் கடனைத் தீர்த்து மீதியில் பிழைப்பது. நெகேமியா 5-இல் வயலை அடகுவைத்தவர்களுக்காக ஆளுநரே பிரபுக்களைக் கூட்டிக் கண்டித்து, வட்டியையும் நிலத்தையும் திருப்பிக் கொடுக்க வைக்கிறார். இரண்டாவது கதையின்படி பார்த்தால், கந்துவட்டியில் சிக்கியவருக்காக ஜெபிப்பதோடு சபை நின்றுவிட முடியாது. தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டின் அதீத வட்டி வசூல் தடைச் சட்டம் இருக்கிறது. புகார் கொடுக்கத் துணைக்குப் போவதும் ஊழியமே. கடன் வாங்கிக் காணிக்கை கொடுத்தால் கடன் தீரும் என்ற போதனைக்கு எதிராக 2 கொரிந்தியர் 8:12 நிற்கிறது: ஒருவரிடம் இருப்பதைக் கொண்டுதான் காணிக்கை ஏற்கப்படும், இல்லாததைக் கொண்டு அல்ல. பெற்றோரைப் பராமரிக்க வேண்டிய பணத்தைக் கொர்பான் என்று சொல்லிக் காணிக்கையாக்கியவர்களை இயேசு மாற்கு 7-இல் கண்டித்ததையும் இதோடு வாசிக்கலாம்.

துக்க வீட்டில், விசுவாசிகள் அழக்கூடாது என்று சிலர் அதட்டுவதுண்டு. லாசரு எழப்போகிறான் என்று தெரிந்தும் இயேசு அழுதார். ஸ்தேவானை அடக்கம் செய்த பக்தியுள்ளவர்கள் அவருக்காக மிகவும் துக்கம் கொண்டாடினார்கள். மோசேக்காக இஸ்ரவேலர் 30 நாள் அழுதார்கள். 1 தெசலோனிக்கேயர் 4:13 துக்கத்தைத் தடுக்கவில்லை; நம்பிக்கையில்லாதவர்களைப்போல் துக்கிக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறது. யோபின் நண்பர்களும் முதல் ஏழு நாள் வாயே திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள்; அவர்கள் செய்ததில் குறை சொல்ல முடியாத பகுதி அதுதான். அடக்கத்துக்கு முன் போகிறவர் ஒரு சிறு சங்கீதத்தை வாசித்து, ஒரு சிறு ஜெபத்தோடு நிறுத்திக்கொள்வது போதும். எல்லாம் நன்மைக்கே என்ற ரோமர் 8:28-ஐ அன்று எடுக்க வேண்டாம். படைப்பு முழுவதும் தவிக்கிறது, வார்த்தை வராத இடத்தில் ஆவியானவரே பெருமூச்சோடு வேண்டுகிறார் என்று சொல்லும் முந்தைய வசனங்களோடு சேர்த்து அதைப் பிறகொரு நாள் வாசித்துக்கொள்ளலாம்.

முதல் வாரத்தில் வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். ஒரு மாதம் கழிந்தால் ஒருவரும் இருக்கமாட்டார்கள். இறப்புச் சான்றிதழ், வங்கிக் கணக்கு மாற்றம், விதவை ஓய்வூதிய விண்ணப்பம், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் ஆகியவை அப்போதுதான் ஒன்றன்பின் ஒன்றாக வரும். விதவைகளையும் பெற்றோரில்லாத பிள்ளைகளையும் அவர்கள் துன்பத்தில் விசாரிக்கச் சொல்லும் யாக்கோபு 1:27-ஐக் கடைப்பிடிக்க நினைப்பவர் வட்டாட்சியர் அலுவலகத்துக்குத் துணையாகப் போகும் நாளையும் அதில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.